ஐப்பசியில் ஆறு நாள்: தாண்டிக்குடியும் கொடைக்கானலும்

அக்டோபர் 29, 2024, செவ்வாய்: வத்தலக்குண்டிலிருந்து மேலே

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் அக்கா முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொடைக்கானலில் ஒரு மாதம் முன்பே நாங்கள் முன்பணம் கட்டி வைத்திருந்த விடுதியிலிருந்து. தீபாவளிக் கூட்டமாம், அறை இல்லையாம், பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். பணம் உடனே வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தூத்துக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த எங்கள் கையில் இரண்டு பெரிய பையும் ஒரு குடையும் இருந்தன. போக இடம் இல்லை.

டீக்கடைக்காரரிடம் கேட்டோம். "கொடைக்கானலுக்குத்தான் போகணும்னு என்னம்மா கட்டாயம்? தாண்டிக்குடி வண்டி நிக்குது பாருங்க. அங்கயும் குளிரும்" என்றார். அந்த மனிதருக்கு இப்போதும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சித்தரேவு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெரும்பாறைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. சில்வர் ஓக் மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. டிரைவர் யாருக்கோ போன் போட்டார், சிக்னல் இல்லை. அதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார், இடுப்பில் அரிவாள். அவர் கிளைகளைக் கழிக்கக் கழிக்க, பையன்கள் நாலைந்து பேர் இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அடிமரத்தை என்ன செய்வது? எதிரே வந்த காய்கறி லாரியில் கயிறு இருந்தது. கட்டி இழுத்ததும் மரம் நகர்ந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

என் பக்கத்தில் இருந்த எஸ்டேட் வேலைக்காரப் பெண் தன் தூக்குவாளியைத் திறந்தார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, கூடவே உப்பில் நசுக்கிய பச்சைமிளகாய். எங்களுக்கு எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவர் ஒரு துண்டு எடுத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்ன ஆட்கள் என்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டாவது கேள்வி அதுவாகத்தான் இருக்கும், எங்கள் கிறிஸ்தவ சபையிலும்கூட.

தங்க இடத்துக்கு கண்டக்டரே வழி செய்தார். அவருடைய அத்தை வீட்டில் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 900 ரூபாய். தகரக் கூரை. ராத்திரி முழுவதும் அதன் மேல் மழை. நான் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். கடந்த ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

அக்டோபர் 30, புதன்: தாண்டிக்குடி

எழுந்து கதவைத் திறந்தால் முற்றம் இல்லை. வெள்ளையாக மூட்டம் மட்டும். அதற்குள் எங்கேயோ சேவல் கூவியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பலாமரம் தெரிந்தது, பிறகு அதன் கீழே காப்பிச் செடிகள், பிறகு தரை. பழைய தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தூத்துக்குடியில் இந்த மாதங்கள் வெறும் மழை மாதங்கள், தெருவில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். கூதிர் என்றால் என்ன என்பதை என் தோல் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர். காப்பி, அதன் நடுவே மலைவாழை, சில்வர் ஓக்கிலும் முருக்க மரத்திலும் ஏறிய மிளகுக் கொடி, நாலு ஆரஞ்சு, ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். காப்பி இப்போதுதான் அங்கங்கே பழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கும். சிவப்பை மட்டும்தான் எடுக்க வேண்டுமாம். "அவசரப்பட்டு உருவுனா பச்சையும் சேந்து வந்துரும் தாயி. அப்புறம் காப்பி கசந்து போகும்" என்றார்.

ஒரு பழத்தைப் பறித்து விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தச் சொன்னார். தோல் விரிந்து இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன, முகத்தோடு முகம் ஒட்டிய மாதிரி, மேலே கொழகொழவென்று ஒரு பசை. அதை வாயில் போட்டுச் சப்பினேன். இனிப்பு. காப்பியின் வாசனை துளிகூட இல்லை. ஐம்பது வயது வரை தினமும் இரண்டு தம்ளர் குடித்தவள் நான், இதன் பழம் இனிக்கும் என்பது இன்றைக்கு முன் தெரியாது. அந்தப் பசை ஒரு மணி நேரம் விரலில் இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

மழை விட்ட இடைவெளியில் ஊருக்கு வெளியே கல்திட்டைகளைப் பார்க்கப் போனோம். பெரிய கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகை மூடிய பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தார் தாண்டிக்குடியில் அகழாய்வும் செய்திருக்கிறார்கள். யார் என்று பெயர் தெரியாத மனிதர்களுக்காக யாரோ இவ்வளவு கனமான கல்லைத் தூக்கியிருக்கிறார்கள். அக்கா ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும்லா" என்றாள். வருகிற வழியில் அவள் காலில் இரண்டு அட்டை. வீட்டுக்காரம்மா உப்பு வைத்து எடுத்துவிட்டார்.

அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. மதியம் கீரைக் கடைசல், அவரைப் பொரியல், மிளகு ரசம். திண்ணையில் உட்கார்ந்து மூட்டம் வருவதையும் போவதையும் பார்த்தோம். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருஷமாக என் காலை எப்படி விடிந்தது? ஐந்து மணிக்கு எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. எங்கோ ஆலயத்தைத் தாக்கினார்கள், எங்கோ ஒரு சட்டம் வருகிறது, ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அதில் பல உண்மைதான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நான் ஜெபிப்பதற்கு முன்பே பயந்திருப்பேன், பயத்தோடுதான் காப்பி போடுவேன். இன்று காலை அந்தப் பயம் இல்லாமல் ஒரு தம்ளர் காப்பி குடித்தேன். தம்ளரின் சூடு உள்ளங்கையில் இறங்கியது. சந்தோஷமாக இருந்தது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்: தீபாவளி

நாலு மணிக்கே வீட்டில் நடமாட்டம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் குடும்பத்தோடு ராத்திரி வந்திருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அரசு சொன்ன ஆறு முதல் ஏழு மணிக்குள் பேரன் பட்டாசை வெடித்துத் தீர்த்தான். ஈரத்தில் பாதி நமுத்துப்போனது. இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, அதிரசம். நாங்கள் காசு கொடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஆனால் முதல் இலை எங்களுக்குத்தான் விழுந்தது. அக்கா சாப்பிடுமுன் கண்ணை மூடி ஜெபித்தாள். அது முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை, ஐந்து வயதுப் பேரன்கூட.

சாப்பிட்ட பிறகு மகன் அரசியல் பேசினார். நடுவே வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, "நீங்க வேதக்காரங்களுக்கு யாருக்கு ஓட்டுன்னு குழப்பமே கிடையாதுல்ல தாயி. உங்க சாமியாரு சொல்லிருவாரு" என்றார். குத்திக்காட்டவில்லை. எங்களுக்கு ஒரு வசதி இருப்பதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

எனக்குத் தொண்டையில் அதிரசம் நின்றுகொண்டது. சொன்னது ஐயர் இல்லை, எங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம். நான்.

இதை இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழ் வரும் சபைகளின், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் உபவாச ஜெபம் வைப்போம். முடிவில், எந்தச் சின்னம் என்று சின்னத் துண்டுத் தாளில் எழுதி வீட்டுக்கு வீடு போகும். எழுதியது என் கையெழுத்து. இந்த வருஷம் ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பும் எழுதினேன். அதை நான் அரசியல் என்று நினைக்கவே இல்லை, சபையைக் காப்பாற்றுகிற ஊழியம் என்று நினைத்தேன். பிடித்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் ரோமர் 13-ஐ வாசித்து அதிகாரங்கள் தேவனால் உண்டானவை என்போம். பிடிக்காதவர்கள் வந்தால் அப்போஸ்தலர் 5-ஐ எடுத்து மனிதருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்போம். இரண்டும் வேதத்தில் இருப்பதுதான். எப்போது எதை எடுப்பது என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்தோம்.

போன வருஷம் ஆகஸ்டில் சங்கத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். ஆலயத்தைப் பெருக்கி, மலர் வைத்து, பாடகர் குழுவுக்கு டீ கொடுப்பவர். ஆகஸ்ட் 10 அன்று ஒரு ஐந்து நிமிடம் ஜெபிக்கலாமா என்று கேட்டார். 1950-இல் அதே தேதியில்தான் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அந்த அம்மாவின் பெரியப்பா வீட்டார் இந்துக்கள். அவர்கள் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், இவர் பிள்ளைக்கு வேறு சான்றிதழ். ஒரே தெரு, ஒரே தாத்தா, தெருவுக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் பெயரும் ஒன்றே.

நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "சபைக்குள்ள சாதியும் அரசியலும் வேண்டாம்மா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் கழித்து நான் சின்னத்தை எழுதிய தாளை வீடு வீடாகக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வருஷம் ஆகஸ்ட் 10 வந்தபோது அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதக் கடைசியில் பொறுப்பை விட்டேன். உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் உண்மை இல்லை.

இதையெல்லாம் மத்தியானம் திண்ணையில் அக்காவிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அக்கா அவள் ஊரில் இன்னமும் ஜெபக்குழு நடத்துகிறவள். "நீ செஞ்சதுல என்ன தப்பு? 2002-ல மதமாற்றத் தடைச் சட்டம் வந்தப்போ எல்லாரும் ஒண்ணா நிக்கலியா? 2004-ல அதை எடுத்தாங்களா இல்லியா? ஒத்துமையா நின்னதாலதானட்டி" என்றாள்.

"நின்னோம்க்கா. நானும்தான் வெயில்ல நின்னேன். அந்தம்மாவும் பக்கத்துல நின்னாங்க. அவங்க விஷயத்துக்கு எழுபத்து நாலு வருஷமா நாம ஒரு தடவை தெருவுக்கு வந்தோமா?"

"கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணு. சர்டிபிகேட்டுக்காவா நாம வேதத்துக்கு வந்தோம்?"

"சரிக்கா. தம்பிக்குப் பொண்ணு பாத்தப்போ முதல்ல என்ன கேட்ட?"

அக்கா மகனைத்தான் வீட்டில் தம்பி என்போம். அவள் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிளகுக் கொடியையே பார்த்தாள். எனக்கும் அழுகை வந்தது. அவளை மடக்குவதற்காக நான் கேட்கவில்லை. அந்தப் பெண் பார்க்கப் போனபோது கூடப் போனவள் நான்தான்.

நவம்பர் 1, வெள்ளி: கொடைக்கானல்

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா ஒரு சீப்பு மலைவாழையைப் பையில் திணித்தார். காசு வாங்கவில்லை. பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானலுக்கு பஸ்.

கொடைக்கானலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கும் அரசு விடுமுறை என்பதால் மலையே வண்டியாக இருந்தது. கார்களுக்கு மே மாதத்திலிருந்து இ-பாஸ், இருந்தும் மூஞ்சிக்கல் பக்கம் முக்கால் மணி நேரம் நகரவில்லை. சாப்பாடு 180 ரூபாய், கூட்டு மட்டும் நன்றாக இருந்தது. வேகவைத்த சோளக்கதிர் 50. அலைந்து அலைந்து 2800 ரூபாய்க்கு ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அக்கா காலையிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு இந்த மலை மிஷனரிமார் மலை. சண்டே ஸ்கூலிலேயே கேட்ட கதை. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் இங்கே இரண்டு வீடு கட்டினார்கள். இந்த ஏரியே அதற்குப் பிறகு வந்தது. 1863-இல் லெவின்ஜ் துரை ஓடையை மறித்துக் கரை கட்டினார். அக்காவுக்கு இந்தக் கதை உயிர். சொல்ல ஆரம்பித்தால் குரல் மாறும். இன்றைக்கும் அவளாகத்தான் ஆரம்பித்தாள். எனக்கு அதில் பாதி நிம்மதி, பேச்சு வந்துவிட்டதே.

பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதை. அதில் அவர்களை டோலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள் என்று அக்கா சொன்னபோது, தூக்கியவர்கள் யார் என்று இவ்வளவு வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். சங்கத்தின் மலருக்காகப் பழைய வரலாறுகளைப் படித்தபோது தெரிந்தது. அதே மதுரை மிஷன்தான் 1847-இல், சாதியை விட மாட்டேன் என்பவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போட்டது. வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதை மறுத்து, சபை ஊழியர்களான உபதேசியார்கள் உட்படப் பலர் சபையை விட்டுப் போனார்கள். மிஷன் வளர்ந்துவரும் நேரம், ஆள் குறைந்தால் பெரிய நஷ்டம். தெரிந்துதான் செய்தார்கள். அந்த வெள்ளைக்காரர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதைச் செய்தார்கள்.

அக்கா ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போய் மூட்டம் ஏரி மேல் படுத்துவிட்டது. படகுக்காரர்கள் துடுப்புகளை அடுக்கும் சத்தம்.

"அப்போ அவங்க சபைக்குள்ள சாதியப் பத்திப் பேசியிருக்காங்க" என்றாள்.

"பேசியிருக்காங்கக்கா."

"அரசியல்னு சொல்லல."

"சொல்லல."

சால்வையை எடுத்து அவள் தலையில் போர்த்திவிட்டேன். அவளுக்கு சைனஸ் தொல்லை, குளிர் ஆகாது.

நவம்பர் 2, சனி: பூம்பாறை, பெருமாள்மலை

பூம்பாறை 18 கிலோமீட்டர். காலை முதல் பஸ்ஸில் போய்விட்டோம். சாலையிலிருந்து பார்த்தால் பள்ளத்தில் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருக்கியடித்து நிற்க, சுற்றிலும் படிப்படியாக வயல்கள். கேரட், உருளை, பீன்ஸ், பட்டாணி. ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் பூண்டை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே அடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு, புகை படிந்து பழுப்பேறிப் போயிருந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாட்டிக்கு அந்த விவரமெல்லாம் முக்கியமாகப் படவில்லை. ஒரு பல்லை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிலோ 400 ரூபாய். அரைக் கிலோ வாங்கினேன், பாட்டி கூட ஒரு கை அள்ளிப் போட்டார்.

பத்து மணிக்கு மழை கொட்டியது. ஒதுங்க ஒரே இடம் குழந்தை வேலப்பர் கோயில் மண்டபம். பழனி மூலவரைப் போலவே இங்கேயும் போகர் நவபாஷாணத்தில் செய்த திருமேனி என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. அக்கா மழையில் நனைந்துகொண்டே வெளியே நின்றாள். கோயிலுக்குள் கால் வைத்ததில்லை அவள். பூக்கார அம்மா பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி மண்டபத்தின் விளிம்பில் போட்டு, "கும்பிட வேணாம்மா, நனையாம உக்காருங்க" என்றார். அக்கா உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இருவரும் மூட்டு வலியைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கும் இடது முட்டிதான். அக்கா பையிலிருந்த தைலத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் கொடைக்கானல் அறையைக் காலி செய்து பெருமாள்மலைக்கு இறங்கிவிட்டோம். அங்கே 1100 ரூபாய்க்கு நல்ல அறை. இன்றைக்குக் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். சாயங்காலம் நடக்கப் போனபோது சாலைச் சரிவில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம், நூறு பேர் இருப்பார்கள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவர்த்தி. ஆனால் காற்று. ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டே இருந்தது.

ஒரு பெண், முப்பது வயது இருக்கும், குழந்தைக் கல்லறை ஒன்றின் முன்னால் குந்தியிருந்தார். தீப்பெட்டி ஈரமாகிவிட்டது. குச்சியை உரசினால் மருந்து பிய்ந்து வருகிறது. அக்காவின் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். நான் குடையைச் சாய்த்துக் காற்றை மறைத்தேன், அக்கா குச்சியைக் கிழித்தாள், அந்தப் பெண் திரியைச் சுற்றி இரண்டு கையையும் குவித்தார். சுடர் முதலில் நீலமாக ஒரு புள்ளி, அப்புறம் படுத்தது, அப்புறம் எழுந்தது. மெழுகு உருகி அவர் பெருவிரல் மேல் சொட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. திரி நின்று எரிய ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார். "நன்றிக்கா" என்றார். கல்லில் எழுதியிருந்த தேதிகளுக்கு நடுவே பதினோரு நாள்.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அவர் மெழுகுவர்த்தியிலிருந்தே பற்றவைத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து அடுத்தவர்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல். நடுவில் இடுப்பளவு சுவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. கேட்டால், அந்தப் பக்கம் பிறகு வாங்கிய நிலம் என்பார்கள். நானும் அப்படித்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும், எங்கள் சபையிலும் கத்தோலிக்கத்திலும், இப்படிச் சுவர்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் 10-க்கு ஜெபம் கேட்ட சங்கத்து அம்மாவின் தாயார் இறந்தபோது அடக்கத்துக்குப் போனேன். மற்ற வாசல் வழியாகப் போவது அன்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை, அது உடம்பிலேயே இருந்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

திரும்பி நடக்கும்போது அக்கா சொன்னாள்: "அந்த கமிஷன் என்னமோ சொன்னியே, அது எந்த மட்டுல இருக்கு?"

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்ததையும், இன்னும் அறிக்கை வரவில்லை, காலத்தை நீட்டித்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதற்கு முன்பே 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். "எங்க ஜெபக் குறிப்புல இது வந்ததே இல்ல" என்றாள். பிறகு, "எழுதிக் குடு. தேதியெல்லாம் எனக்கு நிக்காது" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு: இறக்கம்

காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அறைக்குப் பின்னால் பெருமாள் மலை, உச்சிவரை. ஆறு நாளில் இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேதம் வாசித்து ஜெபித்தோம். பதினோரு வருஷமாக ஒரே வரிசையில் ஜெபித்தவள் நான். நம் சபை, நம் ஊழியர்கள், நம் பள்ளிக்கூடம், நம் நிலத்து வழக்கு. இன்று வாயில் முதலில் வந்தது தாண்டிக்குடி அம்மாவின் மிளகுக் கொடி, அதில் வாடல் நோய் வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அப்புறம் அரிவாள்காரப் பெரியவர். அப்புறம் அந்தப் பதினோரு நாள் குழந்தையின் தாய். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னாள். பூக்கார அம்மாவின் முட்டியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

ஓட்டு விஷயத்தில் அடுத்து என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். 2026-இல் சட்டமன்றத் தேர்தல். துண்டுத் தாள் எழுத மாட்டேன், அது நிச்சயம். ஆனால் ஒதுங்கி இருக்கவும் போவதில்லை. ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி பிடிக்கிறவர்களோடு போய் நிற்பேன், அவர்கள் சேர்த்துக்கொண்டால். எங்கள் சேகரத்தில் அந்தச் சுவரைப் பற்றி எழுந்து பேசுவேன். அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் சொந்தக்காரர்களே எழுந்து எதிர்ப்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் பயம் போன்றதல்ல இது. இதில் எனக்குத் தூக்கம் வருகிறது.

வத்தலக்குண்டில் வெயில். மல்லிகை முழம் 40 ரூபாய், அக்கா ஆளுக்கு ஒரு முழம் வாங்கினாள். மதுரை பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. வெற்றிலை மண்டிப் பக்கம் கொஞ்சம் நிழலாக நின்றுகொண்டு அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். ஆராதனை முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தாராம்.

"மலைக்குப் போயிருக்கீங்களாமே, குளுருதா அங்க?" என்றார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். போன வருஷம் ஆகஸ்டில் நான் சொன்ன பதில் தவறு. அதைச் சொன்ன வாயாலேயே தேர்தல் வேலை வாங்கியது அதைவிடத் தவறு. மன்னிப்புக் கேட்டேன். பஸ் நிலையத்துச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பாயை கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "எனக்கு அப்போ ரொம்ப வருத்தமாத்தான் இருந்திச்சு" என்றார். "பிள்ளை கேட்டா, ஏன்மா அவங்களுக்குப் போய் சீட்டு குடுக்குதேன்னு. நான் பதில் சொல்லல."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர் என் வீட்டில் எத்தனையோ தடவை காப்பி குடித்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நின்று சீட்டும் சந்தா நோட்டும் கொடுத்திருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

"உங்க வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா?" என்றேன்.

"நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை. புதன்கிழமை சாயங்காலம் வாங்க. காப்பிப் பொடி வாங்கி வைக்கேன்."

பைக்குள் தாண்டிக்குடி அம்மா கண்ணெதிரே அரைத்துக் கொடுத்த கால் கிலோ இருந்தது. பஸ்ஸின் சூட்டுக்கு வாசனை துணியையெல்லாம் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"பொடி வாங்காதீங்க" என்றேன். "நான் கொண்டு வாரேன்."